லக்சம்பர்க்கில் ஒரு கரண்ட் பில்

கோத்தகிரி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் எழுத உட்கார்ந்த அன்று ராத்திரி எங்கள் தெரு மாரியம்மன் கோயிலில் கரடி புகுந்து, விளக்கில் இருந்த எண்ணெயை நக்கிவிட்டுப் போய்விட்டது. மறுநாள் முழுக்க அந்தப் பஞ்சாயத்துதான். இரும்புக் கதவு போடலாமா, ராத்திரியில் விளக்கையே எடுத்து உள்ளே வைக்கலாமா என்று மூன்று மணி நேரம் பேசி, டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

காரில் மலை ஏற எடுக்க வேண்டிய இ-பாஸைப் பற்றி எரிச்சலாக எழுதியிருந்தாய். கொடைக்கானலுக்கு எத்தனை கார் ஏறலாம் என்று மலைக்குக் கீழே இருக்கிற கோர்ட் எப்படிச் சொல்லலாம், வாடகைக்கு விட்ட இரண்டு ரூமும் காலியாகக் கிடக்கிறதே என்று. 2024 மே 7-லிருந்து உன் மலைக்கும் என் மலைக்கும் ஒரே விதிதானே. ஆனால் இதே கேள்வியை ஒரு கண்டமே கேட்டுக்கொண்டிருப்பதை நான் போன வருஷம் பார்த்துவிட்டு வந்தேன்.

மகள் வீட்டில் இரண்டு மாதம் லக்சம்பர்க்கில் இருந்தேன் அல்லவா. அங்கே டிராமுக்கும் பஸ்ஸுக்கும் டிக்கெட் கிடையாது, யார் வேண்டுமானாலும் ஏறலாம். வேலை இல்லாத வக்கீல் எங்கே போவான்? கோர்ட்டுக்குத்தான் போனேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், கிர்ஷ்பெர்க் என்ற மேட்டில் இருக்கிறது. பெரிய கூடத்தின் கூரையிலிருந்து தங்க நிறத்தில் ஒரு கம்பிவலை தொங்குகிறது. கருஞ்சிவப்பு அங்கியில் நீதிபதிகள். வக்கீல் தன் மொழியில் பேச, என் காதுக் கருவியில் ஆங்கிலம் ஓடியது. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், அவ்வளவுதான். வாய்தா என்ற பேச்சே இல்லை! அன்றைக்கு ஏதோ வரி வழக்கு. எனக்குப் பாதிதான் புரிந்தது.

சுவாரசியம் வழக்கில் இல்லை, அந்தக் கோர்ட் இவ்வளவு பெரிதான கதையில்தான் இருந்தது. ராத்திரி உட்கார்ந்து பழைய தீர்ப்புகளைப் படித்தேன். மிலான் நகரத்து வக்கீல் ஒருவர், பெயர் கோஸ்டா. 1962-ல் இத்தாலி மின்சாரக் கம்பெனிகளை அரசுடைமை ஆக்கியது. அதில் ஒன்றில் இவருக்குப் பங்கு இருந்தது. கோபத்தில் கரண்ட் பில்லைக் கட்டமாட்டேன் என்றார். பில் 1,925 லிரா, சில்லறைக் காசு. வழக்கு போனது ஊரிலேயே அடிமட்ட நீதிபதியிடம், நம் முன்சீப்புக்கும் கீழே என்று வைத்துக்கொள். அவர் தன் நாட்டு மேல்கோர்ட்டுகளைத் தாண்டி, நேராக லக்சம்பர்க்குக்குக் கேள்வி எழுதி அனுப்பினார். நீ அனுப்பியதே செல்லாது என்று இத்தாலி அரசு வாதாடியது. 1964 ஜூலையில் தீர்ப்பு வந்தது: உறுப்பு நாடு பின்னால் எந்தச் சட்டம் போட்டாலும் ஐரோப்பியச் சட்டமே மேல். அந்த நாடுகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தை வரிவரியாகத் தேடினாலும் அப்படி ஒரு வாசகம் கிடையாது. நீதிபதிகள் எழுதினார்கள், அது நின்றுவிட்டது.

ஏன் நின்றது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். அந்தக் கோர்ட்டுக்குப் போலீஸ் இல்லை, ஜப்தி செய்ய அமீனா இல்லை. கேள்வி கேட்டது உள்ளூர் நீதிபதி, பதிலை வைத்துத் தீர்ப்பு எழுதியதும் அவரே. சொந்த நாட்டு நீதிபதியின் தீர்ப்பை மதிக்கமாட்டேன் என்று எந்த அரசு சொல்லும்? நம் சிவில் நடைமுறைச் சட்டத்திலும் 113-ஆவது பிரிவு இருக்கிறது, கீழ்க்கோர்ட் உயர் நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்கலாம். முப்பத்தைந்து வருஷப் பிராக்டிஸில் அதை ஒரு முன்சீப் கையாண்டு நான் பார்த்ததில்லை. அங்கே அதுதான் முழு இயந்திரமும். ஒரு விமானப் பணிப்பெண் ஆண்களுக்குச் சமமான சம்பளம் கேட்ட வழக்கும் (தீர்ப்பு 1976) இந்த வழியாகத்தான் லக்சம்பர்க் வந்தது.

சரி, அரசியல்? அது இல்லாமலா. ஸ்பானிய மீன்பிடிக் கம்பெனிகளின் வழக்கில் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் போட்ட சட்டத்தையே பிரிட்டிஷ் கோர்ட் ஓரம் கட்ட வேண்டியதாயிற்று. கடைசியில் பிரிட்டிஷார் ஒன்றியத்தைவிட்டே போனார்கள், லக்சம்பர்க் கோர்ட்டின் பிடியிலிருந்து விடுபடுவதும் அதில் ஒரு காரணம். 2020-ல் ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றமே லக்சம்பர்க் தன் எல்லையைத் தாண்டிவிட்டது என்றது. போலந்து, தன் நீதிபதிகளைத் தண்டிக்க ஒரு தனி அமர்வு வைத்திருந்தது. அதை நிறுத்து என்ற லக்சம்பர்க் உத்தரவுக்கு அசையவில்லை. 2021 அக்டோபரில் நாளுக்குப் பத்து லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. கட்டமாட்டோம் என்றார்கள். அவர்களுக்கு வர வேண்டிய நிதியில் பிடித்துக்கொண்டார்கள். அமீனாவை அனுப்புவதைவிட இது சுலபம்.

இன்னொன்று. அங்கே பெரும்பான்மையோடு ஒத்துப்போகாத நீதிபதி தனியாக மாறுபட்ட தீர்ப்பு எழுத முடியாது. நாட்டுக்கு ஒருவராக 27 நீதிபதிகள், பதவி ஆறு வருஷம், மறுபடி நியமிப்பதற்குச் சொந்த அரசின் தயவு வேண்டும். யார் எந்தப் பக்கம் என்பது வெளியே தெரியாததால்தான் பிழைக்கிறார்கள். நீதிபதி எழுதிய மாறுபட்ட தீர்ப்பை வாய்விட்டுப் படித்து மகிழ்கிற எனக்கு இது உப்பில்லாத சாப்பாடு. ஆனாலும் காரணம் புரிகிறது.

உனக்கு என் பதில் இதுதான்: கோர்ட்டுகள் இடத்தைப் பிடுங்குவதைவிட, ஓட்டு வாங்குகிறவர்கள் காலியாக விட்ட இடத்தில் போய் உட்காருவதே அதிகம். சமச் சம்பளம் என்று 1957 ஒப்பந்தத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள் அதை அமல்படுத்தவில்லை, கோர்ட் செய்தது. கோடையில் கார்களைக் குறைக்கிறேன் என்று எந்த வேட்பாளராவது உன் வீட்டு வாசலில் வந்து சொல்லியிருக்கிறாரா? நம் கூடலூர்க் காட்டையே எடுத்துக்கொள். மரம் வெட்டுவதை நிறுத்தச் சொல்லி கேரளத்து நிலம்பூர் அரச குடும்பத்துக் கோதவர்மன் திருமுல்பாடு 1995-ல் உச்ச நீதிமன்றத்தில் போட்ட மனு. அடுத்த வருஷம் டிசம்பர் 12-ல் வந்த உத்தரவு, காடு என்றால் எது என்பதை இந்தியா முழுக்க மாற்றியது. அதனால் என் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சோலை தப்பித்தது என்று நான் நினைக்கிறேன். என் பங்காளியோ அன்றிலிருந்து ஒரு விறகுக்கட்டைகூட எடுக்க முடியவில்லை என்று இன்றும் திட்டுகிறான். இரண்டும் நிஜம்தான்.

முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பங்குனியில் ஒரு வாரம் இங்கே வந்து போ. காரில் வந்தால் நீயும் இ-பாஸ் எடுக்க வேண்டும், சிரிக்காதே. மேட்டுப்பாளையத்திலிருந்து கவர்ன்மெண்ட் பஸ்ஸில் ஏறினால் அந்தத் தொல்லை இல்லை. வர்க்கி வாங்கி வைக்கிறேன். கோயில் கதவு விஷயம் இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் வந்தால் நீயும் கூட்டத்தில் உட்காரலாம்.

அன்புடன்,
ராஜு