ஆதாரம் யார் கையில் இருக்கிறது?

வேலூர்

அன்புள்ள சண்முகம்,

கடிதம் கிடைத்தது. சின்னவளுக்குச் சென்னையிலேயே வேலை அமைந்ததில் எங்களுக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்கு முட்டிவலி. மற்றபடி எல்லாரும் சௌக்கியம். வெயிலைப் பற்றி வேலூர்க்காரனான உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

செயற்கை நுண்ணறிவுக்கு இப்போதே சட்டம் வேண்டாம், தீங்கு நிரூபணமாகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். ஆதாரம் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அது சேரும்வரை சும்மா இருப்பதும் ஒரு முடிவுதானே? அந்த முடிவுக்கு யாரோ ஒருவர் விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

வாணியம்பாடிப் பக்கம் எங்கள் மாமா நிலம் உனக்குத் தெரியும். தோலுக்குப் போட்ட உப்பெல்லாம் டேனரி என்கிற தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுத் தண்ணீரோடு நிலத்தில் இறங்கிய பிறகு, கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. வரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்து நிற்கும். தேங்காய் சிறுத்துப்போனது. முறையிடப் போன இடத்திலெல்லாம் மாமாவுக்கு ஒரே பதில்: "எங்களாலதான் கெட்டுப்போச்சுன்னு நிரூபிச்சுக் காட்டுங்க." பாட்டிலில் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அலைகிற விவசாயி எதை நிரூபிப்பார்? என்ன ரசாயனம், எவ்வளவு, எங்கே விட்டார்கள் என்ற கணக்கு ஆலைக்குள் அல்லவா இருந்தது!

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் நிரூபிக்கிற அந்தப் பொறுப்பை இடம் மாற்றி வைத்தது. அறிவியல் இன்னும் உறுதியாகச் சொல்லவில்லை என்று காரணம் காட்டித் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடக் கூடாது. தன் செயலால் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லை என்று காட்ட வேண்டியவர் தொழில் நடத்துபவரே என்றது. அதற்குள் தோல் தொழில் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ பாழாகியிருந்தது. அதையும் அந்தத் தீர்ப்பே சொல்கிறது. 2025 ஜனவரியில் பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது.

பருவநிலைக் கதையும் இதேதான். வெப்பம் எவ்வளவு ஏறும் என்று எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தின் விஞ்ஞானிகளே 1970, 80களில் கிட்டத்தட்டச் சரியாகக் கணித்திருந்தார்கள். வெளியில் அந்த நிறுவனம் பரப்பியது சந்தேகத்தைத்தான். ஆதாரம் இல்லாமல் போகவில்லை சண்முகம், ஊருக்கு வந்து சேரவில்லை.

செயற்கை நுண்ணறிவு விஞ்ஞானி யோஷுவா பெஞ்சியோ தலைமையில், அதன் பாதுகாப்பைப் பற்றி 2025 ஜனவரியில் வெளிவந்த பன்னாட்டு அறிக்கையைப் பார்த்தாயா? அரைகுறை ஆதாரத்தோடு அவசரப்பட்டால் வேண்டாத கட்டுப்பாடு வரலாம், காத்திருந்தால் பாதுகாப்பில்லாமல் மாட்டிக்கொள்ளலாம் என்று இரண்டு பக்கத்தையும் சொல்கிறது. உன் கவலை நியாயமானது என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், முதலில் வர வேண்டியது ஆதாரத்தை வெளியே கொண்டுவருகிற சட்டம். சோதனையில் என்ன தவறியது, எங்கே விபரீதம் நடந்தது என்பதை நிறுவனங்கள் கட்டாயம் சொல்லட்டும். சொன்னதை வெளியாட்கள் சரிபார்க்கட்டும். 2024இல் உலக மின்சாரத்தில் சுமார் 1.5 சதவீதம் செயற்கை நுண்ணறிவும் ஓடுகிற கணினிக் கூடங்களான தரவு மையங்களுக்கே போனதாகச் சர்வதேச எரிசக்தி முகமை மதிப்பிடுகிறது. அதில் செயற்கை நுண்ணறிவின் பங்கு எவ்வளவு, குளிரூட்ட எந்த ஊர்த் தண்ணீர் போகிறது என்பதையும் அந்த நிறுவனங்களின் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். தண்ணீருக்குத் தவிக்கிற நம் மாவட்டத்துக்காரனுக்கு இதைக் கேட்க உரிமை இல்லையா?

உங்கள் அலுவலகத்தில் கருத்துக் கேட்டால் இதை எழுதிக் கொடு. உடன்பாடு இல்லையென்றால் எனக்கு விரிவாக எழுது, கோபித்துக்கொள்ள மாட்டேன். அம்மா உன்னை விசாரித்தாள். தை மாதம் குடும்பத்தோடு வந்து சேர்.

அன்புடன்,
முருகேசன்