எந்தப் பழையபடி?

அன்புள்ள மல்லிகா,

ஏழு மாதமாகப் பதில் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை, பெரியவள் வேலைக்குப் போகிறாள். சரி, வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

போன மாதம் பிரான்ஸில் லுவார் ஆற்றுப் பக்கம் இருக்கும் வில்லாந்த்ரி மாளிகைத் தோட்டத்துக்குப் போனேன். காய்கறித் தோட்டத்தை மாடியிலிருந்து பார்க்க வேண்டும். ஒன்பது சதுரம், ஒவ்வொன்றிலும் வேறு கோலம். பாக்ஸ்வுட் என்ற வேலிப் புதர்ச் செடியைக் குட்டையாகக் கத்தரித்துக் கோடு போட்டிருக்கிறார்கள். உள்ளே வண்ணம் நிரப்பியது போல நீலம் பாய்ந்த முட்டைக்கோஸ், பீட்ரூட், வெங்காயத்தாள் மாதிரி இருக்கும் லீக்ஸ். வருஷத்துக்கு இரண்டு நடவு, பாத்தி மாற்றி மாற்றி. கத்தரி போட்ட இடத்தில் தக்காளி போடாதே என்று உன் ஆச்சி கத்துவாரே, அதே கணக்கு! 2009 முதல் இயற்கை முறை விவசாயம் வேறு.

ஆனால் இது அந்தக் காலத்திலிருந்து அப்படியே வந்த தோட்டமில்லை. மாளிகை 1530களில் முதலாம் பிரான்சுவா மன்னரின் நிதி அமைச்சர் ழான் லெ பிரெத்தோன் கட்டியது. 19ஆம் நூற்றாண்டில் பழைய தோட்டத்தை எடுத்துவிட்டு புல்வெளியும் மரங்களுமாக, காடு போல இயல்பாகத் தெரியும் ஆங்கிலப் பாணிப் பூங்கா அமைத்துவிட்டார்கள். 1906இல் ஸ்பெயின்காரரான மருத்துவ ஆராய்ச்சியாளர் ஜோக்கிம் கார்வல்லோவும் மனைவி ஆன் கோல்மனும் இடத்தை வாங்கினார்கள். அவர் ஆராய்ச்சியையே விட்டுவிட்டுத் தோட்டத்தில் இறங்கிவிட்டார். மண்ணுக்கடியில் கிடைத்த சுவர்த் துண்டுகள், குழாய்கள், து செர்சோ என்பவர் 16ஆம் நூற்றாண்டில் வரைந்த தோட்டப் படங்கள், இவற்றை வைத்துக்கொண்டு பூங்காவை எடுத்துவிட்டுச் சதுரங்களைப் போட்டார்.

அங்கே நிற்கும்போது மனசு இரண்டாகிவிட்டது. இவ்வளவு அழகு. ஆனால் யாரோ ஆசையாக நட்டு வளர்த்த பூங்கா போய்த்தானே இது வந்தது? இதுவும் 16ஆம் நூற்றாண்டுத் தோட்டமல்ல, அதைப் பற்றிக் கார்வல்லோ கண்ட கனவு. நாளைக்கே அசல் வரைபடம் கிடைத்தாலும் இதைக் கலைக்க யாருக்கு மனசு வரும்? கலைக்கவும் கூடாது என்பேன். நூறு வருஷம் தாண்டிய தோட்டம், அதற்கென்று ஒரு வயது வந்துவிட்டது.

தாத்தா வீட்டைப் பழையபடி ஆக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். எந்தப் பழையபடி, மல்லிகா? தாத்தா காலத்து முற்றம் வேண்டுமென்றால் அப்பா வைத்த நார்த்தை மரம் போகும். அதன் நிழலில்தானே நாம் பரீட்சைக்குப் படித்தோம்? ஓடு மாற்று, தூணைச் சரி செய், திண்ணையைத் திரும்பக் கட்டு, எல்லாம் சரி. மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் மட்டும் எனக்கு ஒரு போன் போடு. ராத்திரி எத்தனை மணியானாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உன் சுந்தரி