தமிழில் எழுதினால் நாடாளுமன்றக் குழு படிக்காதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாடாளுமன்றக் கூட்டத்தொடர் வந்துவிட்டால் உங்கள் முதல் பக்கத்தில் அமளி, ஒத்திவைப்பு, வெளிநடப்பு என்று மூன்று செய்திகள் நிச்சயம். காகிதம் கிழித்த படத்தை நானும் பார்க்கிறேன்தான். ஆனால் அந்த அவைக்குப் பின்னால், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மசோதாவை வரி வரியாகப் படிக்கும் குழுக்களைப் பற்றி ஆண்டுக்கு நாலு வரி வந்தால் அதிகம். அந்தக் குறையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் மானாமதுரையில் மனு எழுதிப் பிழைப்பவன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, வாரிசுச் சான்று என்று ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில் 2005-க்குப் பிறகு தகவல் உரிமை மனுவும் சேர்ந்துகொண்டது. ஒரு வெள்ளைத்தாள், பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை, "பிரிவு 6(1)-இன் கீழ்" என்று தொடங்கும் ஒரு வரி. முப்பது நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். காரணமில்லாமல் தாமதித்தால் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய் தண்டம். இந்தத் தொகையை மனு கொடுக்க வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்லி அனுப்புவேன். அலுவலகப் படியேறக் கொஞ்சம் தெம்பு வரும்.

இந்தச் சட்டம் இப்படி வந்ததற்கு நாடாளுமன்றத்தின் ஒரு நிலைக்குழுவும் காரணம் என்பது எங்கள் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. 2004 டிசம்பரில் மக்களவையில் வைக்கப்பட்ட மசோதா மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டுமானது. அது அப்படியே நிறைவேறியிருந்தால் நான் தபால் நிலையத்தையும் ரயில்வேயையும் கேள்வி கேட்டுக்கொண்டிருந்திருப்பேன். தாலுகா அலுவலகத்தின் பக்கம் அந்தச் சட்டம் எட்டிப் பார்த்திருக்காது. தமிழ்நாட்டில் 1997-லேயே தனிச் சட்டம் இருந்தது உண்மை. விதிவிலக்குகளைக் கழித்துவிட்டால் அதில் மிஞ்சியது சொற்பம். மத்திய மசோதாவைச் சட்டத்துறை, பணியாளர் துறை ஆகியவற்றுக்கான நிலைக்குழு ஆராய்ந்தது. அதன் தலைவர் எங்கள் சிவகங்கைத் தொகுதியின் முன்னாள் மக்களவை உறுப்பினரும் அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்தவருமான இ.எம். சுதர்சன நாச்சியப்பன். 2005 மார்ச்சில் அறிக்கை வந்தது. மாநிலங்களும் உள்ளே வர வேண்டும் என்றது குழு. தகவல் ஆணையருக்குத் தேர்தல் ஆணையருக்கு நிகரான தகுதி வேண்டும், அப்போதுதான் செயலாளரைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க முடியும் என்ற யோசனையும் அங்கிருந்து வந்ததே. மே மாதம் இரண்டு அவைகளிலும் நிறைவேறியபோது மசோதாவின் முகமே மாறியிருந்தது. அவருடைய கட்சிக்கு நான் ஓட்டுப் போட்டதில்லை. அதற்காக இதைச் சொல்லாமல் விட முடியுமா?

குழு என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். துறைவாரி நிலைக்குழுக்கள் 1993-இல் வந்தன. இப்போது 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர் உறுப்பினராக முடியாது. கட்சிக் கொறடாவின் உத்தரவு அங்கே செல்லாது. துறைச் செயலாளரை எதிரே உட்கார வைத்துக் கேட்கலாம். பட்ஜெட் தாக்கலான பின் வரும் இடைவேளையில், துறைகள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகளைப் பார்ப்பதும் இவர்கள்தான். அவையில் அவற்றில் பெரும்பகுதி விவாதமே இல்லாமல் ஒரே மூச்சில் நிறைவேறிவிடும் என்பதால், அந்தச் செலவுக் கணக்கை யாராவது பார்க்கிறார்கள் என்றால் அது இங்கேதான். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தாது. ஏற்காவிட்டால் ஏன் ஏற்கவில்லை என்று எழுத்தில் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். குழுக்களெல்லாம் தவச்சாலை என்று நான் சொல்லவில்லை. வக்ஃப் மசோதாவைப் பார்த்த, இரு அவை உறுப்பினர்களும் சேர்ந்த கூட்டுக் குழுவில் உறுப்பினர்கள் கட்சிவாரியாகப் பிரிந்து நின்றதை நாடே பார்த்தது. ஆனாலும் அங்கே எதிர்ப்பவர் தம் மறுப்பை எழுதிக் கொடுக்கலாம், அது அறிக்கையோடு அச்சாகும். அவையில் கத்தியதை மறுநாள் யார் தேடிப் படிக்கிறார்கள்?

அந்த இடம்தான் இப்போது சுருங்குகிறது. பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பின் கணக்குப்படி 15-ஆவது மக்களவைக் காலத்தில் நூற்றுக்கு 71 மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 2019 முதல் 2024 வரையிலான 17-ஆவது மக்களவையில் 16.

தகவல் உரிமைச் சட்டத்துக்கே என்ன நடந்தது பாருங்கள். 2019 ஜூலையில் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசே விதியாகப் போட்டுக்கொள்ளும்படி திருத்தம் வந்தது. அந்த ஒரு மசோதாவை மட்டும் ஆராயும் தேர்வுக் குழுவுக்கு அனுப்புங்கள் என்ற எதிர்க்கட்சிகளின் தீர்மானம் மாநிலங்களவையில் 75-க்கு 117 என்று தோற்றது. ஒரு குழு பார்த்துப் பார்த்து வைத்த தகுதியை இன்னொரு குழுவிடம் கேட்காமலேயே எடுத்தாகிவிட்டது. அடுத்து 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதா. 3-ஆம் தேதி அறிமுகம், 7-ஆம் தேதி மக்களவை, 9-ஆம் தேதி மாநிலங்களவை. இதற்கு முந்தைய 2019 மசோதாவைக் கூட்டுக் குழு இரண்டு ஆண்டு ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது, அரசு அந்த மசோதாவையே திரும்பப் பெற்றுக்கொண்டது. புதிய மசோதா அறிமுகமான பின் எந்தக் குழுவுக்கும் போகவில்லை. அதன் கடைசியில், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவை மாற்றும் ஒரு சின்ன வாசகம் ஒட்டிக்கொண்டு வந்தது. தனிப்பட்ட தகவலையும் பொதுநலன் இருந்தால் தர வேண்டும் என்ற நிபந்தனை அந்தப் பிரிவிலிருந்து போய்விட்டது. நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாத தகவலை எந்த மனிதருக்கும் மறுக்கக்கூடாது என்ற வரியும் அதோடு போனது. 8(2)-இல் பொதுநலன் இன்னும் இருக்கிறதே என்று வக்கீல்கள் சொல்வார்கள். இருக்கிறது, அது அலுவலரின் தீர்மானத்துக்கு விட்ட விஷயம்.

இதனால் என்ன கெட்டுப்போகும் என்று கேட்டால் ஒன்று சொல்கிறேன். பக்கத்துக் கிராமத்து விதவைத் தாய் ஒருவர், அரசு வீட்டுத் திட்டத்தில் தமக்கு வீடு கட்டி முடிந்துவிட்டதாகக் கணினி காட்டுகிறது என்று வந்தார். அவர் இருப்பது தகரக் கொட்டகை. பயனாளிகள் பட்டியலையும் பணம் விடுவித்த தவணை விவரத்தையும் கேட்டு மனு எழுதினேன். பட்டியல் வந்தது. அவர் பெயரே கொண்ட இன்னொருவருக்கு, கண்மாய்க்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில், நாலு தவணையும் போயிருந்தது. பட்டியலில் பெயரும் தகப்பன் பெயரும் இருந்ததால்தான் அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. இன்று அதே மனுவுக்கு "தனிநபர் தகவல், தர இயலாது" என்று ஒரு வரியில் பதில் வந்தால் நான் எதைக் காட்டி மேல்முறையீடு எழுதுவது? இதை அந்தக் குழுவில் யாராவது கேட்டிருப்பார்கள். கேட்க ஒரு குழு இருந்திருக்க வேண்டும்.

குழுவுக்குப் போகும் மசோதாக்களிலும் எங்களுக்கு இடம் அரைகுறைதான். கருத்துக் கேட்டு விளம்பரம் கொடுப்பார்கள். பெரும்பாலும் பதினைந்து நாள் அவகாசம். இரண்டு பிரதிகள், ஆங்கிலத்தில் அல்லது இந்தியில். அதாவது அவையில் நம் உறுப்பினர் தமிழில் பேசினால் மொழிபெயர்க்க ஆள் உண்டு. அவருக்கு ஓட்டுப் போட்டவர் குழுவுக்குத் தமிழில் எழுத வழியில்லை. ஒரு முறை அப்படி ஓர் அழைப்பைப் பார்த்துவிட்டு நாலு பக்கம் எழுதி, ஓய்வு பெற்ற வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் ஆங்கிலத்தில் மாற்றித் தரச் சொன்னேன். அவர் முடித்துக் கொடுப்பதற்குள் தேதி போய்விட்டது. அவர்மேல் குற்றமில்லை, எனக்கே அந்த அழைப்பு தாமதமாகத்தான் கண்ணில் பட்டது.

(நம் சட்டமன்றத்தில் மசோதாக்களைப் பார்க்க இப்படித் துறைவாரிக் குழுக்களே கிடையாது. கேரளத்தில் 1980 முதல் இருக்கின்றன. அதைத் தொட்டால் இந்தக் கடிதம் முடியாது, தனியாக எழுதுகிறேன்.)

உங்களிடம் கேட்பது இதுதான். தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களும் 18 மாநிலங்களவை உறுப்பினர்களும் எந்தெந்தக் குழுவில் இருக்கிறார்கள் என்று ஒரு நாள் அரைப் பக்கம் போடுங்கள். குழுக்கள் கருத்துக் கேட்கும் அறிவிப்புகளை வந்த மறுநாளே தமிழில், கடைசித் தேதியோடு வெளியிடுங்கள். சினிமாப் பக்கத்தின் ஓரத்தில் போட்டாலும் சரி, நாங்கள் தேடிப் பிடித்துக்கொள்வோம். நம் உறுப்பினர்கள் எந்தக் கட்சியானாலும், அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வரும் மனுக்களைக் குழுக்கள் வாங்க வேண்டும் என்று மக்களவைத் தலைவருக்கும் மாநிலங்களவைத் தலைவருக்கும் கூட்டாக எழுதட்டும். அந்தக் கடிதத்தை எழுதித் தர ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு மனு எழுத்தர்,
மானாமதுரை, சிவகங்கை மாவட்டம்.