டீச்சர் பாட்டிக்காக வந்து நின்ற உங்களுக்கு

சபையாருக்கும், ஊராருக்கும், எங்கள் பாட்டியிடம் படித்த எல்லோருக்கும் தோத்திரம், வணக்கம்.

பாட்டியை அடக்கம் செய்து இன்றோடு நாற்பது நாள் கழிந்துவிட்டது. அன்று வந்தவர்களின் கையைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசக்கூட எங்களால் முடியவில்லை. எடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, அப்படிக் கொட்டியது. யார் வந்தார்கள், யார் முற்றத்தில் நனைந்துகொண்டே நின்றுவிட்டுத் திரும்பிப் போனார்கள் என்பதே பலநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சொல்ல வேண்டியதை மாமாவும் அம்மாவும் சித்தியும் என்னிடம் சொன்னார்கள். எழுதுகிறது பேத்தியாகிய நான்.

ஒருவருடைய பெயரையும் இதில் எழுதவில்லை. எழுத ஆரம்பித்தால் நாலு பேராவது விடுபடுவார்கள். விடுபட்டவர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் பாட்டிக்கு அது பொறுக்காது. முப்பத்தெட்டு வருஷம் வகுப்பில் ஒரு பெயரை விட்டுவிட்டு வாசித்தவர் இல்லை அவர்.

முதல் நன்றி, பனச்சமூட்டிலிருந்து வந்து எங்கள் வீட்டில் மூன்று வருஷம் தங்கிய ஹோம் நர்ஸ் அக்காவுக்கு.

கடைசி நாலு வருஷம் பாட்டிக்கு மறதி நோய். முதலில் சாவியை மறந்தார், அப்புறம் சமையலை, அப்புறம் எங்களை. அம்மாவைப் பார்த்து "யாரு மக்களே, எந்த ஊரு?" என்று கேட்ட அன்று அம்மா அடுக்களையில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆனால் ஆஜர் எடுப்பது மட்டும் பாட்டிக்கு மறக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து, "மணி அடிச்சாச்சு, ஆஜர் எடுக்கணும்" என்பார். அப்புறம் வரிசையாகப் பெயர்கள். பதில் வராவிட்டால் பதறிப்போவார். கட்டிலிலிருந்து இறங்கிப் பிள்ளையைத் தேடப் புறப்படுவார். இரண்டு தடவை விழுந்திருக்கிறார். "அம்மா, ஸ்கூலெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு, படுங்க" என்று மாமா சொன்னால் சின்னப்பிள்ளை மாதிரி அழுவார். மாமாவுக்கு அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை. பால்வெட்டுக்கு விடியும் முன்னே போயாக வேண்டும். நானோ சென்னையில். அந்த நாலு வருஷத்தில் நான் ஊருக்கு வந்தது மொத்தம் ஐந்து தடவை. இதைச் சொல்லாமல் இந்த மடலை எழுத எனக்கு மனசு வரவில்லை.

அக்கா வந்த இரண்டாம் வாரம், ஒரு ராத்திரி, பாட்டி முதல் பெயரைக் கூப்பிட்டதும், "உள்ளேன் டீச்சர்" என்று பதில் சொல்லியிருக்கிறார். பாட்டி தலையசைத்துவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். அதற்கும் "உள்ளேன் டீச்சர்". நாற்பது பெயர், நாற்பது பதில். முடிந்ததும் பாட்டி தானே படுத்துத் தூங்கிவிட்டார். எங்களில் ஒருவருக்கும் தோன்றாத வழி அது. அன்றிலிருந்து மூன்று வருஷம் எங்கள் வீட்டில் ராத்திரி பள்ளிக்கூடம் நடந்தது. அடுத்த வீட்டுத் தம்பி, எட்டாம் வகுப்பு படிக்கிறவன், பரீட்சை நாட்களில் எங்கள் திண்ணையில் படித்துக்கொண்டிருப்பான். ஆண்பிள்ளைகளின் பெயருக்கு அவன் குரல் கொடுப்பான். தம்பி, நீ செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று உனக்கு இப்போது தெரியாமல் இருக்கலாம். எங்களுக்குத் தெரியும்.

ஒரே ஒரு பெயருக்கு மட்டும் யார் பதில் சொன்னாலும் பாட்டி ஏற்க மாட்டார். "அவ வரல்ல. அண்டியாபீசுக்குப் போயிட்டா. நாளைக்கு வீட்டுக்குப் போய்ப் பாக்கணும்" என்பார். அண்டியாபீசு என்றால் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலை. அந்தப் பிள்ளை யாரென்று எங்களுக்குத் தெரியாது. பழைய நினைப்பு என்று விட்டுவிட்டோம்.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா வந்தார். கல்லறைக்குப் போய்விட்டு வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "டீச்சர் ராத்திரி பேரு கூப்பிடும்போ என் பேரையும் சொன்னாங்களாமே?" என்று கேட்டார். அந்தப் பெயர் அவருடையதுதான். மூன்றாம் வகுப்பு பாதியில் அவருடைய அம்மா அவரை அண்டியாபீசுக்குக் கூட்டிப்போய்விட்டார். அண்டி தல்லித் தல்லி, அதாவது கொட்டையை அடித்து உடைத்து, அதன் எண்ணெய் பட்டு, உள்ளங்கை கறுத்துத் தோல் உரிந்துபோகும். பாட்டி பள்ளி விட்டதும் அந்த வீட்டுக்கு நடந்து போவார். ஏழு தடவை போனாராம். ஏழு தடவையும் வெறுங்கையோடு திரும்பினாராம். எட்டாம் தடவை போனபோது தேங்காய் எண்ணெய் கொண்டுபோய், அந்தக் கையில் தடவிவிட்டு, ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தாராம். மறுநாள் அந்தப் பிள்ளை வகுப்புக்கு வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தது. அங்கன்வாடி ஊழியராக வேலை பார்த்து ஓய்வும் பெற்றுவிட்டார் அந்த அம்மா.

பாட்டியின் மறதியில் அவர் வராத நாட்கள் மட்டும் மிச்சமாகிவிட்டன. வந்த நாள் போய்விட்டது. "நான் வந்துட்டேன் டீச்சர்ன்னு அவங்க உயிரோட இருக்கும்போ சொல்லியிருப்பேனே" என்று அந்த அம்மா அழுதார். நாங்கள்தான் தேடியிருக்க வேண்டும். பெயர் தெரியும், பள்ளிக்கூடம் தெரியும், விசாரித்திருந்தால் ஒரு நாளில் கண்டுபிடித்திருக்கலாம். அம்மா, எங்கள் குடும்பத்தார் அத்தனை பேரும் உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறோம். மூன்றாம் நாள் நீங்கள் வந்ததற்கு நன்றியும் சொல்கிறோம்.

பாட்டி பிறந்தது 1938 நவம்பரில், திருவிதாங்கூர் காலத்தில். அப்பா பனையேற்று. அக்கானி (பதநீர்) இறக்கிக் கருப்பட்டி காய்ச்சிய வீடு. பாட்டிக்கு ஏழு வயதிருக்கும்போது அப்பா பனையிலிருந்து விழுந்துவிட்டார். நெய்யூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகக் கிடந்தார். எவரெஸ்ட் ஏறப்போன சாமர்வெல் டாக்டர் வேலை பார்த்த ஆஸ்பத்திரி அது. 1922-லும் 1924-லும் மலைக்குப் போனவர், அப்புறம் நம் ஊர் ஜனங்களுக்கு அறுவை செய்துகொண்டு பல வருஷம் நெய்யூரிலேயே இருந்தார். வார்டுக்கு வந்து வேதம் சொல்லித்தரும் பைபிள் உமன் ஒருவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்துத்தான் பாட்டிக்கு ஆனா, ஆவன்னா சொல்லிக்கொடுத்தாராம். "எனக்கு எழுத்து கெடச்சது பள்ளிக்கூடத்தில இல்ல, ஆஸ்பத்திரியில" என்று பாட்டி அடிக்கடி சொல்வார். வேதமும் எழுத்தும் அவருக்கு ஒரே வராந்தாவில் கிடைத்தவை. கடைசிவரை அவர் இரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை.

1956 நவம்பர் 1-ல் நம் நாலு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆனபோது அவருக்குப் பதினெட்டு வயது. ஆசிரியப் பயிற்சி முடித்து 1959-ல் மிஷன் தொடக்கப்பள்ளியில் சேர்ந்தார். 1997-ல் ஓய்வு. தாத்தா சீக்கிரமே போய்விட்டார். மூன்று பிள்ளைகளையும் சம்பளத்திலும் நாலு தென்னையிலும் வளர்த்தார். அதைப் பற்றி அவர் பேசியதில்லை, நானும் நீட்டவில்லை.

அவருடைய வெள்ளைப் புடவையும் கஞ்சி போட்டுத் தேய்த்த ரவிக்கையும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். அது அழகுக்காக மட்டும் இல்லை. மேலாடை போடும் உரிமைக்காக நம் பெண்கள் முப்பது வருஷத்துக்கு மேல் அடியும் அவமானமும் பட்டதையும், 1859 ஜூலை 26-ல் மகாராஜாவின் உத்தரவு வந்ததையும் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். பாடப்புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மாட்டார். மார்த்தா மால்ட் அம்மையார் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்து லேஸ் பின்னவும் கற்றுக்கொடுத்த கதையைச் சொல்லும்போது ஊசியும் நூலும் கையில் எடுத்துக்கொள்வார். தையல் பீரியடும் சரித்திரப் பீரியடும் ஒன்றாக நடக்கும்.

நோட்டில் "நன்று" என்று எழுதமாட்டார். வாயால்தான் சொல்வார், "கொள்ளாம்" என்று. அந்த ஒரு வார்த்தைக்காக நான் பத்துப் பக்கம் கையெழுத்து எழுதியிருக்கிறேன். அவசரப்பட்டால், "பைய, மக்களே, பைய எழுது. எழுத்து எங்கயும் ஓடிப்போவாது."

விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து ஜெபம். ராத்திரி குடும்ப ஜெபம். நடுவில் அவருக்கே உரிய இன்னொன்று உண்டு. அதைப் பற்றி ஊரில் சிலருக்குத்தான் தெரியும். நீளமான கணக்கு நோட்டு ஒன்றில் ஸ்கேல் வைத்து அவரே கட்டம் போட்டு, படிப்பித்த பிள்ளைகளின் பெயர்களை ஆஜர்ப் புத்தகம் போலவே எழுதி வைத்திருந்தார். தினமும் ஒரு பக்கம். ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிப்பார், ஒரு புள்ளி வைப்பார். கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை எல்லாம் வகுப்பில் இருந்த வரிசைப்படியே. இப்படி ஆறு நோட்டுகள் பெட்டியில் இருந்தன.

நாலாவது நோட்டின் கடைசிப் பக்கங்களில் பள்ளியில் படிக்காத பிள்ளைகளின் பெயர்கள் இருக்கின்றன. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடியும்போது கடல் ஏறிய செய்தி வந்தது. மத்தியானம் பாட்டி பெண்கள் ஐக்கிய சங்கத்தாரோடு, கிறிஸ்துமஸுக்குச் செய்த முந்திரிக்கொத்தையும் அச்சுமுறுக்கையும் டின்னோடு தூக்கிக்கொண்டு குளச்சல் பக்கம் ஒரு முகாமுக்குப் போனார். அங்கே அழுதுகொண்டிருந்த பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு என்று எழுதினார். தேடி வந்த தாய்மார் சிலருக்கு அந்த நோட்டு உதவியது. சிலரைத் தேடி யாரும் வரவில்லை. அந்தப் பெயர்களுக்கு நேரேயும் வருஷக்கணக்கில் புள்ளி இருக்கிறது. அந்த வட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் இன்று நர்ஸ். அடக்கத்துக்கு முந்தின ராத்திரி வந்து, பாட்டியைக் குளிப்பாட்டிப் புடவை உடுத்தியது அவர்தான். நாங்கள் கேட்கவில்லை. "நான் செய்யட்டுமா?" என்று அவரே கேட்டார்.

சரி, மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும்.

பென்ஷனுக்கு வருஷா வருஷம் உயிரோடு இருப்பதைக் காட்டியாக வேண்டும். பாட்டியின் கைரேகை தேய்ந்து மெஷினில் பதியவே பதியாது. தபால்காரர் அண்ணன் வீட்டுக்கே மூன்று தடவை வந்து, விரலைச் சூடுவெள்ளத்தில் துடைத்து, பொறுமையாகப் பதிவு எடுத்தார். மூன்றாம் வகுப்பில் பாட்டியிடம் அடி வாங்கியவராம். அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

திருவிதாங்கோட்டிலிருந்து ஒவ்வொரு பெருநாளுக்கும் பாட்டிக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு கொடுத்துவிட்ட பழைய மாணவர், பாட்டி அவரை மறந்த பிறகும் அனுப்புவதை நிறுத்தவில்லை. ஒக்கிப் புயலில் ஓடு பறந்தபோது இரண்டாம் நாளே ஏணியோடு வந்தவரும் அவர்தான்.

மாதம் தவறாமல் வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுத்த போதகர் ஐயாவுக்கும், வாரம் ஒருநாள் வந்து உரக்க வேதம் வாசித்த உபதேசியாருக்கும் நன்றி. 23ஆம் சங்கீதம் வாசிக்கும்போது மட்டும் பாட்டியும் கூடவே சொல்வார், ஒரு வார்த்தை பிசகாமல்.

குழி வெட்டிய தம்பிமாரைப் பற்றி என்ன எழுதுவது? சாயங்காலம் வெட்டிய குழி ராத்திரி மழையில் நிறைந்துவிட்டது. விடிய விடிய வாளியால் இறைத்திருக்கிறார்கள். காலையில் மோட்டார் வைத்துப் பார்த்தார்கள். பெட்டி இறங்கும் நேரத்துக்கு அடியில் மணல் கொட்டி, பாதை முழுக்கத் தென்னோலை விரித்து வைத்திருந்தார்கள். உங்களில் இரண்டு பேருக்கு அப்புறம் காய்ச்சல் வந்தது என்று கேள்விப்பட்டோம். வீட்டுக்கு வந்து பார்க்கிறோம்.

அன்று தெருவில் அம்மன் கோயில் கொடை விழா. ஒலிபெருக்கி கட்டி முடித்து, மேளக்காரர்களும் வந்தாயிற்று. பாட்டி போன செய்தி கேட்டதும் கமிட்டிக்காரர்கள் ஒலிபெருக்கியை நிறுத்திவிட்டார்கள். அடக்கம் முடியும்வரை மேளமும் கேட்கவில்லை. அவர்கள் வீடுகளிலிருந்துதான் எங்களுக்குக் கஞ்சியும் சிறுபயறும் காணத் (கொள்ளுத்) துவையலும் வந்தது. அம்மா அன்று சாப்பிட்டது அந்தக் கஞ்சி மட்டும்தான்.

பள்ளிக்கூடம் திறந்த வாரம் அது. பாட்டியின் பள்ளியிலிருந்து ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குடையும் புத்தகப்பையுமாக வரிசையில் வந்தார்கள். அவர்களுக்குப் பாட்டியைத் தெரியாது. கூட்டிவந்த டீச்சருக்குத் தெரியும். அவர் பாட்டியிடம் படித்தவர். பிள்ளைகளை அனுப்பிவைத்த பெற்றோருக்கும் நன்றி.

இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன். ஆறு நோட்டுகளும் முன்னறையில் மேசைமேல் இருக்கின்றன. 1959 முதல் 1997 வரை அந்தப் பள்ளியில் படித்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் வந்து உங்கள் பக்கத்தைப் பார்க்கலாம். படம் எடுத்துக்கொள்ளலாம். நோட்டை மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

அப்புறம், அன்று மழையில் யாரோ விட்டுப்போன மூன்று கறுப்புக் குடைகள், ஒரு டார்ச், மூடி இல்லாத எவர்சில்வர் தூக்குவாளி ஒன்று, சின்னப்பிள்ளையின் இடதுகால் செருப்பு எல்லாம் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மாமா மத்தியானத்துக்கு மேல் வீட்டில்தான் இருப்பார். கருப்பட்டிக் காப்பி போட்டுத் தருவார்.

அன்புடன்,
டீச்சரின் பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள்