பரணில் கிடந்த வட்ட ‘அவன்’ அடுப்பும் படிக்கட்டுக்கு அடியில் இருந்த தையல்காரரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில் வீட்டில் சேரும் சாமான்களைக் குறைப்பது பற்றி ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். ஒரு வருடம் கைபடாத பொருள் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள் என்று அதில் இருந்தது. அன்றைக்கே பதில் எழுத நினைத்தேன். ஆனால் அன்று நானே பரண் மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன், இறங்கும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. நாங்கள் இருக்கும் அடுக்குமாடி 1984-இல் கட்டியது, இப்போது இடித்துக் கட்டப் போகிறார்கள். மேற்கு மாம்பலத்தில் தெருவுக்கு ஒரு கட்டடமாவது இப்படிப் பச்சைத் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. 40 நாளில் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இதைவிடச் சின்ன வாடகை வீட்டுக்குப் போக வேண்டும், அதனால் சாமானைக் குறைப்பது பற்றிப் பேச எனக்கும் கொஞ்சம் தகுதி உண்டு என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு வருடக் கணக்கு வேறு எந்த ஊருக்காவது பொருந்தலாம், சென்னைக்குப் பொருந்தாது. 2019 கோடையில் புழலும் செம்பரம்பாக்கமும் வறண்டு, லாரித் தண்ணீருக்குத் தெருவில் வரிசை நின்றோமே, அப்போது பரணில் கவிழ்த்து வைத்திருந்த 9 பிளாஸ்டிக் குடங்களை இறக்கினேன். அதற்கு முன்னால் அவை எத்தனை வருடம் சும்மா கிடந்தன என்று வீட்டில் யாருக்கும் நினைவில்லை. மாமியாரின் அரிக்கேன் விளக்கு 2015 வெள்ளத்தில் எரிந்தது, மறு வருடம் வர்தா புயலில் எரிந்தது, அப்புறம் 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்து கரண்ட் போகும் வரைக்கும் தூங்கிக்கொண்டிருந்தது. இந்த ஊரில் தண்ணீர் ஒன்று வரவே வராது, இல்லாவிட்டால் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். இரண்டுக்கும் சாமான் வேண்டியிருக்கிறது.

அதற்காக நான் சேர்த்து வைப்பதையெல்லாம் நியாயப்படுத்தவில்லை. ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொள்கிறேன். தாம்பூலப் பை மட்டும் 140-க்கு மேல் இருந்தது, அதற்கு மேல் எண்ணாமல் விட்டேன். ஓட்டல் பார்சல் டப்பாக்கள், மூடி ஒரு பக்கம் டப்பா ஒரு பக்கம். நவராத்திரிக்கு வந்த ரவிக்கைத் துணிகள் 62, இவற்றில் ஒன்றுகூட எந்த ஜென்மத்திலும் ரவிக்கை ஆகாது, ஒரு வீட்டில் வாங்கி இன்னொரு வீட்டில் வைத்துக் கொடுக்கவே பிறந்த துணிகள். மூன்று செத்த மிக்ஸிகள். எதற்கு வைத்தேன் என்று மருமகள் கேட்டாள். ரிப்பேர் பண்ணலாம் என்றுதான் வைத்தேன், பண்ணவில்லை. என் தப்பு பாதி. மீதிப் பாதியைப் பிறகு சொல்கிறேன்.

தூக்கிப் போடுங்கள் என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள், எங்கே போடுவது? நம் ஊரில் நாளொன்றுக்கு 5,000 டன்னுக்கு மேல் குப்பை சேருகிறது, வடக்கே இருப்பவர்களுக்குக் கொடுங்கையூர், தெற்கே இருப்பவர்களுக்குப் பெருங்குடி. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு பற்றிக்கொண்டு நாள்கணக்கில் புகைந்ததை அந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். நம் வீட்டுப் பரண் காலியாகிறது என்றால் அவர்கள் வீட்டு ஜன்னலுக்கு எதிரே இன்னொரு பரண் நிறைகிறது என்று அர்த்தம். பழையன கழிப்பதற்கென்றே நமக்கு ஒரு நாள் இருக்கிறது, அந்த நாளில் டயரையும் நைலான் துணியையும் கொளுத்தி 2018 போகியன்று விமானம் இறங்க முடியாத அளவுக்குப் புகைபோட்டோம். இப்போது பரவாயில்லை. போகிக்கு முன்னால் பழைய துணி, டயரைத் தூய்மைப் பணியாளர்களிடமே கொடுத்துவிடலாம், பெரிய சாமான் என்றால் மாநகராட்சியின் 1913-க்குப் போன் செய்து கேட்கலாம். எங்கள் மெத்தை ஒன்றும் கால் ஒடிந்த சோபாவும் அப்படித்தான் போயின. மெத்தைக்கு வேறு வழி இல்லை, சரி. ஆனால் மிக்ஸிக்கும் குடைக்கும் சட்டைக்கும் வேறு வழி இருந்தது, அதைத்தான் எழுத வந்தேன்.

பரணின் கடைசி மூலையில், பழைய வேட்டியில் சுற்றியபடி, அம்மாவின் வட்ட ‘அவன்’, அதாவது கேக் சுடும் கரண்ட் அடுப்பு, கிடைத்தது. இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அலுமினியத்தில் பெரிய டப்பா போல இருக்கும், மூடியின் நடுவில் கண்ணாடி, பக்கத்தில் ஒயர் செருக இரண்டு முளை. சூட்டைக் கூட்டிக் குறைக்கக் குமிழ் எல்லாம் கிடையாது, கண்ணாடி வழியே பார்த்து, மீதியை மூக்கால் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். அம்மா அதில் கிறிஸ்துமஸுக்குப் பக்கத்து வீட்டு அக்காவுடன் சேர்ந்து கேக் சுடுவார், நடுவில் இரண்டு முறையாவது ஷாக் அடிக்கும், அதையும் செய்முறையில் ஒரு பகுதி போலவே எடுத்துக்கொண்டார்கள்.

செருகிப் பார்த்தேன், சூடு ஏறவில்லை. மெயின் ரோட்டுக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்த பையன் தொட்டுக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் இப்ப யாரும் பண்றதில்லம்மா, காயலான் கடையில போட்டுட்டு புதுசு வாங்கிக்குங்க" என்றான். அடுத்த கடையிலும் அதே பாட்டு. மூன்றாவதாகக் கோடம்பாக்கம் பக்கம் மிக்ஸி மோட்டாருக்குக் கம்பிச் சுருள் (காயில்) கட்டும் பெரியவர் ஒருவர், கேள்வியே கேட்காமல் அதைக் கவிழ்த்துத் திருகாணிகளைக் கழற்றினார். உள்ளே சுருள்கம்பி ஒரு இடத்தில் அறுந்திருந்தது. அறுந்த முனைகளை இழுத்து முறுக்கிவிட்டால் எரியுமே என்று நான் என் புத்திசாலித்தனத்தைக் காட்டினேன். எரியும், ஆனால் கம்பி குட்டையாகி அதிக கரண்ட் இழுக்கும், முறுக்கின இடமே முதலில் கருகும் என்று சொல்லி முழுச் சுருளையும் மாற்றினார். ஒயர் புதுசு, மூன்று பின் பிளக், அலுமினிய உடம்புக்கு எர்த். மொத்தம் 380 ரூபாய், 400 கொடுத்தேன், 20-ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று ராத்திரியே கேக். கறுத்துப்போன பூவன் பழம் 5, ஒன்றரைக் கப் கோதுமை மாவு, முக்கால் கப் பொடித்த வெல்லம், அரை கப் எண்ணெய், அரை கப் புளித்த தயிர், அரைத் தேக்கரண்டி ஆப்ப சோடா, ஏலக்காய். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்தால்தான் பொங்கும், அதனால் கலந்தபின் போனில் பேசிக்கொண்டு நிற்காமல் உடனே உள்ளே வைத்துவிட வேண்டும். முக்கால் மணி நேரம். இந்த அவன் 600 வாட்தான், கணக்குப் போட்டால் ஒரு கேக்குக்கு அரை யூனிட்கூட ஆகாது. இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும் என்ற பயத்தில் ஏசியை அணைத்துவிட்டுக் கேக் சுட்டது தனிக்கதை.

அவன் அடுப்பு இல்லாதவர்கள் குக்கரில் மணல் பரப்பி, காஸ்கெட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டுச் சுடுவது எல்லோருக்கும் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன், தினமும் சாதம் வைக்கும் குக்கரில் இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் இல்லாமல் காய வைப்பது அதற்கு ஆகாது, பிறகு பிரஷர் வைக்கும்போது நம்ப முடியாது. கைப்பிடி ஆட்டம் கண்டு ஓய்வு பெற்ற குக்கர் எந்த வீட்டில் இல்லை, அதை எடுங்கள், எடுத்தபின் அது கேக்குக்கு மட்டும்தான். உப்பு போடச் சொல்வார்கள், அலுமினியத்தை அரிக்கும், மணலே போதும்.

இதில் மிச்சம் உண்டா என்று கேட்பீர்கள். கேக்கிலும் பிஸ்கட்டிலும் நிச்சயம் உண்டு, வீணாகப் போகும் பழத்துக்கும் புளித்த தயிருக்கும் ஒரு கதி கிடைக்கிறது. பிரெட்டில் கிடையாது. வீட்டில் பிரெட் சுட்டால் மிச்சம் என்று சொல்கிறவர்கள் தங்கள் நேரத்துக்கு விலை வைக்காதவர்கள். ஆசைக்குச் செய்து பார்க்கலாம், இட்லி மாவு பொங்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு ஈஸ்ட் மாவு ஒன்றும் புதிதில்லை, மே மாதத்தில் ஒரு மணி நேரத்தில் பாத்திரத்தை விட்டு எழுந்துவிடும், கொஞ்சம் அசந்தால் புளித்தும் விடும்.

அந்த அவன் அடுப்பைச் சுற்றியிருந்த வேட்டியைச் சொன்னேனே, அது அப்பாவுடையது. கட்டிக் கிழிந்தபின் வடாம் பிழிய மொட்டை மாடிக்குப் போனது, அப்புறம்தான் சுற்றும் துணியானது. நூல் புடவையும் அப்படித்தான், புடவையாக ஓய்ந்தால் தூளி, தூளி ஓய்ந்தால் தலையணை உறை, அப்புறம் கரித்துணி. இன்றைக்கு ரங்கநாதன் தெருவில் நாம் அள்ளிக்கொண்டு வரும் துணிக்கு இந்த மறுபிறவி எதுவும் கிடையாது. ஈரத்தை இழுக்காது, சூடான பாத்திரத்தைப் பிடித்தால் உருகிக் கையில் ஒட்டும், வடாம் பிழிந்தால் எப்படி வரும் என்று நான் சோதித்துப் பார்க்கவில்லை. விலை மலிவு என்று வாங்குகிறோம், ஆனால் அது ஒரே ஒரு வேலைக்குத்தான் ஆகும், அதுவும் கொஞ்ச நாளைக்கு. பாத்திரக்காரர்கூடப் பழைய துணியைத் தொட்டுப் பார்த்துத் தள்ளி வைக்கிறார்.

கிழிந்ததைத் தைக்கலாம் என்றால் தைப்பவர் எங்கே? இங்கேதான் அந்த மீதிப் பாதித் தப்பு வருகிறது. எங்கள் கட்டடத்துப் படிக்கட்டுக்கு அடியில் ஒரு தையல்காரர் 20 வருடத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தார். புடவைக்கு ஓரம் அடிப்பது, ஃபால்ஸ், பேன்ட் ஜிப் மாற்றுவது, பள்ளிப் பையின் பிய்ந்த வார், காலர் நைந்துபோன சட்டையில் காலரைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பித் தைப்பது (இந்தக் கடைசி வித்தை தெரிந்தவர் இப்போது எத்தனை பேர்?). கட்டடம் இடிபடுகிறது, எங்களுக்கு இடிக்கிறவர் மாத வாடகை தருகிறார், புது ஃபிளாட் தருகிறார். படிக்கட்டுக்கு அடியில் இருந்தவருக்கு யாரும் எதுவும் தரவில்லை, ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லை. புதுக் கட்டடத்தில் படிக்கட்டுக்கு அடியில் ஜெனரேட்டராம். இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு மரத்தடியில் உட்காருகிறார், ராத்திரி மிஷினை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு ஐயர்ன் கடையில் கெஞ்சி வைத்திருக்கிறார். "வேலை இருக்கும்மா, இடம்தான் இல்ல" என்றார். மழை வந்தால் அதுவும் இல்லை.

சிக்கனமாக இருங்கள், பழுது பார்த்துப் பயன்படுத்துங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். பழுது பார்ப்பவர்களுக்கு நாலுக்கு நாலு அடி இடம் வேண்டும், அவ்வளவுதான். 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம், பொருள் விற்பவரை மட்டுமல்ல, தெருவில் உட்கார்ந்து மக்களுக்குச் சேவை தருபவரையும் சேர்த்தே தெரு வியாபாரி என்கிறது. அப்படியென்றால் தையல்காரரும் செருப்பு தைப்பவரும் சாணை பிடிப்பவரும் அதற்குள் வருகிறார்கள். இடம் ஒதுக்கும்போது பழக்கடை, டிபன் கடைகளோடு இவர்களையும் எண்ண வேண்டும் என்பதை உங்கள் பத்திரிகை எடுத்துச் சொல்லலாம். வார்டுக்கு ஒரு கூரை, அதன் கீழே ஒரு தையல் மிஷின், ஒரு மிக்ஸிக்காரர், ஒரு குடைக்காரர். ராத்திரி பூட்டி வைக்க ஒரு பெட்டி. நூலகத்துக்குப் பக்கத்திலோ ரேஷன் கடைக்குப் பக்கத்திலோ இருந்தால் போகிற போக்கில் கொடுத்துவிட்டுப் போவோம். என் மூன்று மிக்ஸிகளும் பரணில் செத்துக் கிடந்ததற்கு, அவற்றைத் தூக்கிக்கொண்டு கோடம்பாக்கம் வரை போக எனக்குச் சோம்பல் என்பதுதான் காரணம், தெருமுனையில் ஆள் இருந்திருந்தால் கதையே வேறு. இரண்டை இப்போது அந்தப் பெரியவரே சரி செய்துவிட்டார், மூன்றாவதற்கு உதிரிப் பாகம் கிடைக்கவில்லை, அதைக் காயலான் கடையில் போட்டேன்.

இன்னும் ஒரு விஷயம், முடிந்தால் வெளியிடுங்கள். துரைசாமி சுரங்கப்பாதைப் பக்கம் குடைக்குக் கம்பி மாற்றும் ஒருவர் மழைக்காலத்தில் உட்காருவார், போன வருடம் முதல் காணவில்லை. அவர் எங்கே போனார் என்றோ, மாம்பலத்திலிருந்து சைதாப்பேட்டைக்குள் வேறு யாராவது இருக்கிறார் என்றோ தெரிந்த வாசகர்கள் இதே பகுதியில் எழுதினால் நன்றாக இருக்கும். என்னிடம் கம்பி ஒடிந்த குடை நான்கு இருக்கின்றன, அக்டோபர் நெருங்குகிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை-33