கிளிங்கரைக் குறைக்காமல் மாசு குறையாது

ஆசிரியருக்கு,

சிமென்ட் ஆலை மாசு என்றதும் புகைபோக்கியையும் தூசியையும்தான் பேசுகிறோம். கரியமில வாயுவில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருகிறது. ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 440 கிலோ வாயுவாகப் போய்விடும். எரிபொருளை மாற்றினாலும் இது குறையாது. எனவே சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுச் செய்யும் கிளிங்கரின் (அரைத்தால் சிமென்ட் ஆகும் கட்டிகள்) அளவைக் குறைப்பதே முதல் வழி.

பி.பி.சி. எனும் கலப்பு சிமென்ட்டில் கிளிங்கருக்குப் பதிலாக 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் சேர்க்கலாம். "பலம் வராது" என்று பலர் தயங்குகிறார்கள். குறை சிமென்ட்டில் இல்லை, வேலையில்தான். சாம்பல் மெதுவாக வினைபுரியும், அதற்கு ஈரம் நிற்க வேண்டும். சாம்பல் சேராத ஓ.பி.சி. சிமென்ட்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராற்ற (ஈரமாக வைத்திருக்க) சொல்லும் கான்கிரீட்டுக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 456, கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள் கேட்கிறது. ஐந்தாம் நாளே தளத்தில் நீர் தேக்கிய பாத்தியைக் காயவிட்டு, தாங்கி நிற்கும் சென்ட்ரிங்கையும் அவசரமாகப் பிரித்தால் விரிசல் விழத்தான் செய்யும். தூணில் சுற்றிய சாக்கைக் காலையில் மட்டும் நனைத்தால் வெயிலில் மதியத்துக்குள் காய்ந்துவிடும். பி.பி.சி.யில் மேலும் சாம்பலை வேலையிடத்திலேயே கொட்டிக் கலப்பதும் தவறு.

அடுத்தது சுட்ட களிமண் சிமென்ட். இதற்கான ஐ.எஸ். 18189 தரம் 2023-இல் வந்துவிட்டது. வழக்கமான கலவையில் கிளிங்கர் பாதிதான். சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 சதவீதம். களிமண்ணுக்கு ஏறத்தாழ 800 டிகிரி போதும், கிளிங்கருக்கோ 1,450 வேண்டும்.

பொதுப்பணித் துறை தன் ஒப்பந்தங்களில் இவ்வகை சிமென்ட்டுக்கு முன்னுரிமை தந்து, நீராற்றும் நாட்களுக்குத் தனித் தொகையும் ஒதுக்க வேண்டும்.

– கட்டுமானப் பொறியாளர்கள், அரியலூர்