எக்ஸெலுக்குள் லோட்டஸ்

அன்புள்ள முத்து,

முழங்கால் எப்படி இருக்கிறது? பயிற்சி செய்கிறாயா, இல்லை தங்கச்சி பார்க்கும்போது மட்டும் காலை ஆட்டுகிறாயா? இங்கே எல்லோரும் சௌக்கியம்.

குடியிருப்புச் சங்கக் கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். எக்ஸெலில் போட்டுக்கொண்டிருந்தபோது பழைய ஞாபகத்தில் கை ஸ்லாஷைத் தட்டிவிட்டது. உடனே மேலே மெனு முழுக்க எழுத்து எழுத்தாக முளைத்தது! 1983-ல் வந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்குத்தாள் மென்பொருளில் மெனுவைத் திறந்த அதே சாவி இன்னும் உயிரோடு இருக்கிறது. கடிதம் அடிக்கும் வேர்டுஸ்டார் மென்பொருளைக் குலதெய்வமாகக் கும்பிட்டு, அம்புக்குறியைத் தொடாமல் கன்ட்ரோலோடு ஈ, எஸ், டி, எக்ஸ் என்றே ஓட்டிய உனக்கு இது எங்கே புரியப்போகிறது?

இன்னொன்று கேள். எக்ஸெல் தேதியை நாள் எண்ணாகத்தான் வைத்துக்கொள்ளும்; 1900 ஜனவரி 1 என்றால் 1. கட்டத்தில் 60 என்று அடித்து அதைத் தேதியாக மாற்று. 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாளே கிடையாது. நூற்றாண்டு வருஷம் 400-ஆல் வகுபட்டால்தான் லீப். லோட்டஸ்காரர்கள் 1900-ஐயும் லீப் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். பின்னால் வந்த எக்ஸெல் தெரிந்தேதான் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. சரியாகப் போட்டிருந்தால் லோட்டஸ் ஷீட்டிலிருந்து வரும் தேதியெல்லாம் ஒரு நாள் தள்ளிப்போகுமே! உன் தாத்தா 1900 ஜனவரியில் பிறந்தவர் என்று பெருமையடிப்பாயே, அவர் பிறந்த கிழமையை மட்டும் எக்ஸெலிடம் கேட்காதே. தப்பாகச் சொல்லும்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் கொஞ்சம் கஷ்டமாகிவிட்டது. 1979-ல் விசிகால்க் என்ற கணக்குத்தாள் மென்பொருளை எழுதி இதையெல்லாம் தொடங்கிவைத்த பிரிக்லினும் ஃபிராங்க்ஸ்டனும் அதற்குப் பேட்டன்ட் வாங்கவில்லை. 1985-ல் அவர்கள் கம்பெனியை லோட்டஸே வாங்கிவிட்டது. 1995-ல் லோட்டஸை ஐபிஎம் வாங்கியது. 2014-ல் 1-2-3-க்கு ஆதரவையும் நிறுத்திவிட்டது. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் சங்கச் செயலாளர் "சோப்பா சார்?" என்கிறார். அவருடைய பராமரிப்புக் கட்டணப் பட்டியலிலோ லோட்டஸ்காரர்கள் போட்ட அதே நாள் எண்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஒரிஜினல் ஃப்ளாப்பியை ஏ டிரைவில் வைக்காவிட்டால் லோட்டஸ் திறக்காது என்று தெரிந்து, மேனேஜர் அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிக்கொண்டு லீவில் போனாரே, கடைசியில் அது உன்னிடம்தானே வந்தது? தூக்கிப் போட்டுவிடாதே.

பொங்கலுக்கு வருகிறேன். சம்பந்தி வீட்டுக் கதையை நேரில் சொல்கிறேன், கடிதத்தில் எழுதினால் வம்பு.

உன்,
சேகர்